இரண்டாவது வெடி

நேயர்களுக்கு வணக்கம். நெய்வேலியில் நிலக்கரியைப் பெல்ட்டில் ஏற்றி அனுப்பும் பகுதியில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். நிலக்கரித் தூசியைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

விறகுக் கட்டை நின்று எரியும். அதையே இழைத்துத் தூளாக்கிக் காற்றில் தூவினால் குப்பென்று பற்றும். கரியும் அப்படித்தான். ஆழ்சுரங்கத்தில் காற்றில் மீத்தேன் என்ற எரிவாயு 5 முதல் 15 சதவீதம் வரை சேர்ந்தால், ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அந்த முதல் வெடியோடு நின்றால் சேதம் ஓரிடத்தோடு போகும். ஆனால் அதன் காற்றழுத்தம் நெருப்புக்கு முன்னே ஓடி, தரையிலும் உத்தரத்திலும் படிந்த தூசியைக் கிளப்பிவிடுகிறது. பின்னால் வரும் தீயில் அந்தத் தூசி பற்றி, இரண்டாவது வெடியாக வெடிக்கிறது. 1906-ல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேரும், 1965-ல் நம் நாட்டின் தோரி சுரங்கத்தில் 268 பேரும் இறந்தார்களே, அந்தக் கொடுமைகளில் தூசிக்குப் பெரிய பங்குண்டு.

இதற்கு மருந்து கல்தூள். இங்கிலாந்தின் ஆல்டாஃப்ட்ஸ் சுரங்கம் 1886-ல் வெடித்தபோது, கல்தூள் கிடந்த பாதைகளில் தீ அடங்கிப்போனதைச் சுரங்கப் பொறியாளர் வில்லியம் கார்ஃபோர்த் கவனித்தார். 1908-ல் தரைமேல் ஒரு சோதனைப் பாதை அமைத்து, வெடிக்கவைத்தே பார்த்தார். அப்புறம்தான் சுரங்கப் பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவும் வழக்கம் பரவியது. கூரையை ஒட்டிப் பலகைகளில் கல்தூளையோ, தொட்டிகளில் தண்ணீரையோ வைப்பதும் உண்டு. அழுத்தம் முன்னால் வந்து அவற்றைக் கவிழ்க்கும். தீ வந்து சேரும்போது அங்கே தூளோ நீரோ பரவி நிற்கும். அந்த நொடி இடைவெளியைப் பிடித்துக்கொண்ட அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

வெடி மெதுவாக வந்தால் தொட்டி கவிழாமலே போகலாம். அதனால் இப்போது தீயின் ஒளியை உணரும் கருவி வைக்கிறார்கள். அது பார்த்த சில மில்லிநொடிகளில் அழுத்தம் ஏற்றிய சிலிண்டர் திறந்து அணைப்புத் தூளைப் பீய்ச்சுகிறது.

சரி, நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். மீத்தேன் தேங்கும் பயம் இங்கே இல்லை. ஆனால் பழுப்பு நிலக்கரியில் எளிதில் ஆவியாகி எரியும் பொருள் அதிகம். அதன் தூசி சுலபமாகப் பற்றும். பெல்ட் மாறும் இடம், கரியைச் சேர்த்துவைக்கும் பங்கர், அரவை மில் ஆகியவற்றில் தண்ணீர் தெளிப்பும் தூசி உறிஞ்சியும் ஒரு நாளும் நிற்கக்கூடாது. கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியை விரட்டுவது ஆகவே ஆகாது. படிந்து கிடப்பதைக் காற்றில் கலப்பதுதான் அது. கழுவுங்கள், அல்லது உறிஞ்சி எடுங்கள். தரை பளிச்சென்று இருந்தால் போதாது, தம்பிகளே. ஏணி போட்டு மேலே உள்ள இரும்பு உத்தரத்தைத் தடவிப் பாருங்கள். தாள் கனத்துக்குப் படிந்திருந்தாலும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.