எண்பது டிகிரியில் ஒரு புழுவா?

நேயர்களுக்கு வணக்கம். பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில், சுமார் 2500 மீட்டர் ஆழத்தில், கடல் தரையிலிருந்து கரும்புகை கிளம்புவதுபோல வெந்நீர் பீறிடுகிறது. சூடு 350 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஆனாலும் கொதிப்பதில்லை, மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் அதை விடுவதில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் கடல்நீர் வெறும் 2 டிகிரி.

இந்த ஊற்றுகளின் சுவரிலேயே குழாய் கட்டிக் குடியிருக்கிறது பாம்பெய் புழு. எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரத்தின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். விரல் நீளம் இருக்கும். முதுகில் கம்பளிபோல பாக்டீரியாக்கள். 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் குழாய்க்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார்கள். வால் பக்கம் சராசரி 68 டிகிரி. அவ்வப்போது 81ஐயும் தாண்டியது. தலைப் பக்கமோ 22தான். உடனே ‘உலகிலேயே அதிகச் சூடு தாங்கும் விலங்கு’ என்ற பட்டம் வந்துவிட்டது. இன்றும் பல கட்டுரைகளில் அந்த எண்பதைப் பார்க்கலாம்.

எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தண்ணீரின் சூடு வேறு, உடம்பின் சூடு வேறு. வெப்பமானி நுழைந்தபோது புழு எங்கே ஒதுங்கியதோ, வெளியே இருந்த வெந்நீர் எவ்வளவு கசிந்ததோ! அந்தப் புழுவின் உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதமே 45 டிகிரியைத் தாண்டியதும் குலையத் தொடங்கிவிடுகிறது.

புழுவையே சோதிக்கலாமே என்றால், மேலே கொண்டு வரும்போது அழுத்தம் குறைந்து செத்துவிடும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆழ்கடல் அழுத்தம் குறையாத கலத்தில் அதை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். 2013இல் முடிவு வெளியானது: 50 முதல் 55 டிகிரியில் தொடர்ந்து வைத்தால் புழு பிழைப்பதில்லை.

வட அமெரிக்காவின் மேற்குக் கடலில் இதற்கு ஒரு சொந்தக்காரப் புழு உண்டு. ஒரு முனை குளிராகவும் மறுமுனை சூடாகவும் இருக்கும் அழுத்தத் தொட்டியில் அதை விட்டு, 2006இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். யாரும் தள்ளவில்லை, அதுவாகவே 40 முதல் 50 டிகிரி இருக்கும் பக்கம் போனது. 50 டிகிரியில் 7 மணி நேரம் தாங்கியது. 55இல் கால் மணி நேரம். அதே ஊற்றுகளில் வாழும் இன்னொரு புழுவையும் அதே தொட்டியில் விட்டார்கள்; அது 35ஐத் தாண்டவே இல்லை.