இடித்துரையும் எடுத்தெறிதலும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் நாலு பேர் கூடி விவாதிக்கும் இடம் எதிலாவது நீங்கள் ஒரு வாரம் இருந்திருந்தால், நான் சொல்லப்போகும் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஒரு கருத்தை எழுதுகிறார். இன்னொருவர் வந்து, முகத்தில் அடித்தாற்போல், அது தவறு என்கிறார். மூன்றாமவர், ‘கொஞ்சம் பண்பாகச் சொல்லக் கூடாதா?’ என்று கேட்கிறார். இரண்டாமவரோ, ‘உள்ளதைத்தானே சொன்னேன்’ என்கிறார். அதன்பின் வருகிற நாற்பது மறுமொழிகளும் யார் எப்படிப் பேசினார் என்பதைப் பற்றியவையாகவே இருக்கும். முதலில் எழுதப்பட்ட கருத்து என்ன என்பது எவருக்கும் நினைவில் இருக்காது. இத்தகைய ஒரு குழுவில் நான் பல ஆண்டுகள் மட்டுறுத்துநராக இருந்தேன். மட்டுறுத்துநர் என்றால் யார் என்று கேட்கும் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: ஆசிரியர் இல்லாத வகுப்பில் சட்டாம்பிள்ளை எப்படியோ அப்படி. ஊதியமும் அதே அளவுதான்.

இந்தச் சண்டையில் இரு கட்சியினரும் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பண்பும் வெளிப்படைப் பேச்சும் ஒரே தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்பதுதான் அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்க, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சற்று நீளமான கதை; பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானியல் ஆர்வலர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். முழுநிலவு எழும்போது அடிவானத்தை ஒட்டித் தாம்பாளம் போலப் பெரிதாகத் தோன்றுவதையும், அதே நிலவு நள்ளிரவில் உச்சிக்கு வந்ததும் சிறுத்துவிட்டதாகத் தோன்றுவதையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு நான் ஒரு விளக்கம் எழுதினேன். அடிவானத்தில் இருக்கும்போது நிலவின் ஒளி அதிகமான காற்றைக் கடந்து வருகிறது என்றும், அந்தக் காற்று உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போல வேலை செய்கிறது என்றும், மூன்று பத்திகளில், உவமைகளோடு எழுதினேன். ‘அருமை’, ‘அறியாத செய்தி, நன்றி’ என்று ஏழெட்டுப் பேர் பாராட்டினார்கள். மாலையில் ஒருவர் எழுதியதை அப்படியே சொல்கிறேன்: ‘தவறு. காற்று நிலவைப் பெரிதாக்குவதில்லை. கையை முழுதாக நீட்டி, சுண்டுவிரல் நகத்தை நிலவுக்குப் பக்கத்தில் பிடித்து, எழும்போது ஒரு முறையும் உச்சியில் ஒரு முறையும் அளந்து பாருங்கள்.’ அவ்வளவுதான். வணக்கம் இல்லை; நண்பரே என்ற விளி இல்லை; நல்ல முயற்சி என்று ஒரு தட்டிக்கொடுத்தல்கூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தில், ‘தாங்கள்’ என்ற சொல் ஆறு இடங்களில் வருகிற ஒரு பதிலை எழுதி முடித்துவிட்டேன். அனுப்பப் போகும் நேரத்தில், அளந்து பார்த்து அந்த அளவையும் சேர்த்துப் போட்டால் அடி இன்னும் பலமாக விழுமே என்று தோன்றியது. ஆகவே மறுநாள் முழுநிலவன்று மொட்டைமாடிக்குப் போனேன். உண்மையைத் தேடிப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பழிவாங்கும் எண்ணத்தில்தான் போனேன். நிலவு எழும்போது அதன் அகலம் என் நகத்தில் ஏறத்தாழப் பாதி இருந்தது. நள்ளிரவிலும் அதே பாதி. நிலவு வானத்தில் அடைத்துக்கொள்ளும் இடம் எங்கே இருந்தாலும் ஏறத்தாழ அரைப் பாகைதான். பெரிதாகத் தோன்றுவது நம் மூளையின் மயக்கம். நேயர்கள் அடுத்த முழுநிலவன்று நகத்தை வைத்துப் பாருங்கள். கருவி எதுவும் தேவையில்லை.

இனி, நான் சொல்ல வந்தது. அதே நாளில், அதே விளக்கத்தின் கீழ், வேறொருவரும் எழுதியிருந்தார்: ‘இதுகூடத் தெரியாதவர்கள் எல்லாம் எழுதக் கிளம்பிவிட்டார்கள்.’ குழுவில் இருந்த பலரும் இந்த இருவரையும் ஒரே பட்டியலில் சேர்த்து, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர்கள் என்றார்கள். முதலாமவரின் மறுமொழி முழுவதும் நிலவைப் பற்றியது. அதில் நான் எங்குமே இல்லை. இரண்டாமவரின் மறுமொழி முழுவதும் என்னைப் பற்றியது. அதில் நிலவு எங்குமே இல்லை. அதைவிட முக்கியம், முதலாமவர் என் பொருட்டு உழைத்திருந்தார். தொலைநோக்கி இல்லாத ஒருவன் தானே சோதித்து அறிய என்ன வழி என்று யோசித்து, அதை எழுத்தில் வைத்திருந்தார். ‘தவறு’ என்று எழுத ஒரு நொடி போதும். எங்கே தவறு, எப்படிச் சரிபார்ப்பது என்று எழுதக் கால் மணி நேரமாவது ஆகும். இணையத்தில் கடுமை என்று நாம் வருந்துவதில் பெரும்பகுதி, அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட மனமில்லாத சோம்பல் என்பது என் கட்சி. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி நண்பர்களுக்குச் சலித்துவிட்டது. உங்களுக்குப் புதிது என்ற நம்பிக்கையில் மறுபடியும் சொல்கிறேன். ‘அருமை’ என்று எழுதவும் அந்த ஒரு நொடிதான் ஆகிறது. அன்று என்னைப் பாராட்டிய ஏழெட்டுப் பேரை மட்டும் நம்பியிருந்தால், காற்று என்னும் உருப்பெருக்கியைப் பற்றி இந்த வானொலியிலேயே பேசிக்கொண்டிருப்பேன்.

பண்புக்காக விதிகள் வகுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நான் மட்டுறுத்துநர் ஆனதும் செய்த முதல் வேலை, எவரையும் ஒருமையில் விளிக்கக் கூடாது என்று ஒரு விதி எழுதியதுதான். நல்ல விதி, இன்றும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு மாதத்துக்குள் ‘நீ’ மறைந்து, ‘ஐயா அவர்களின் ஆழ்ந்த புலமைக்கு முன்னால்’ என்றும், ‘தங்களைப் போன்ற மேதைகள்’ என்றும், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மரியாதை வந்து சேர்ந்தது. ‘நீ’ என்பதை விதியால் பிடிக்கலாம். ‘ஐயா’ என்பதை எந்த விதியால் பிடிப்பது?

எழுத்தில் இந்தச் சிக்கல் கூடுவதற்குக் காரணம் உண்டு. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை மெய்யாகவும் ஒருவர் மின்னஞ்சலில் எழுத, படிப்பவர் எது கேலி, எது மெய் என்று கண்டறிய வேண்டும். எழுதியவர்கள், நூற்றுக்கு 78 முறையாவது சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று எண்ணினார்கள். புரிந்துகொள்ளப்பட்டதோ 56 முறை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே 50 கிடைத்திருக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 வந்தது. இந்தக் குறை முன்னமே உணரப்பட்டதுதான். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துக் கேலிக்கு அடையாளமாக இடலாம் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பரிலேயே எழுதிவிட்டார். நாம் இன்று அனுப்புகிற சிரிப்பு முகங்களுக்கு அது ஒரு முன்னோடி. ஆக, சுருக்கமாக எழுதியவர் கோபமாக எழுதியதாகத் தோன்றுவதில் நம் காதுக்கும் பங்கு உண்டு. என்னைத் திருத்தியவர் கோபமாக இருந்தார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானேதான் அவருக்கு ஒரு குரல் கொடுத்துக்கொண்டேன்.

கடுமை இல்லாவிட்டால் தரம் கெட்டுவிடும் என்பவர்கள் லினஸ் டோர்வால்ட்ஸை மேற்கோள் காட்டுவது வழக்கம். லினக்ஸ் என்னும் கணினி இயக்குதளத்தின் உட்கருவான கெர்னலை 1991-இல் தொடங்கியவர். மோசமான நிரலை அனுப்பியவர்களை மின்னஞ்சலில் வறுத்தெடுப்பதில் பெயர் பெற்றவர். அவரே 2018 செப்டம்பரில், தம் மின்னஞ்சல் தாக்குதல்கள், குறிப்பாகத் தனிப்பட்ட முறையில் அமைந்தவை, தேவையற்றவை என்று மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அந்த வேளையில் அத்திட்டத்துக்கு ஒரு நடத்தை நெறியும் வந்தது. திரும்பி வந்தபின் அவர் மோசமான நிரலை நல்லது என்று சொல்லத் தொடங்கிவிடவில்லை. தவறான நிரலைத் தவறு என்பதற்கும் எழுதியவரை மூடர் என்பதற்கும் இடையிலுள்ள இடைவெளியில் தரம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவில் பிறர் நன்னோக்கத்தோடுதான் எழுதுகிறார் என்று கொள்ள வேண்டும் என்பது நெடுங்கால நெறி. அங்கேயே, ஒரு கடுஞ்சொல்லும் பேசாமல், பணிவாக, மாதக்கணக்கில் ஒரே பொய்யைக் கட்டுரைக்குள் நுழைக்க முயல்கிறவர்களும் உண்டு. பொறுமை இழந்து குரல் உயர்த்துகிறவர்தான் தண்டனை பெறுவார். தொனியை மட்டும் காவல் காக்கிற குழுவுக்கு நேரும் கதி இது. இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்றும் 448-ஆம் குறளில் சொன்னார். இரண்டையும் ஒருவரேதான் சொன்னார்.

கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தயாரிப்பாளர் ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடம் இருக்கிறது போலும். திருத்தப்படுகிறவரின் கடமையைப் பற்றிப் பேசத்தான் நான் முக்கியமாக வந்தேன். அது இப்போது இரண்டு வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. இணைய நாகரிகம் குறித்து 1995-இல் வெளியான ஒரு வழிகாட்டி, அனுப்புவதில் கட்டுப்பாடும் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்றது. முதல் பாதியை எல்லோரும் பேசுகிறார்கள், இரண்டாம் பாதியை எவரும் பேசுவதில்லை.

எழுதிவைத்திருந்த பதிலை அழித்துவிட்டு, ‘அளந்தேன், நீங்கள் சொன்னதே சரி’ என்று அவருக்கு எழுதினேன். உடனே மறுமொழி வந்தது: ‘நல்லது. அடுத்த முறை எழும்போது உற்றுப் பாருங்கள். காற்று அதைப் பெரிதாக்காது. மேலும் கீழுமாக அழுத்திச் சற்றுத் தட்டையாகக் காட்டும்.’ அதிலும் வணக்கம் இல்லை. அவருக்கும் சேர்த்து நான் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.