விதை நெல்லும் காணி உறுதியும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது

பெரியோர்களே, தாய்மாரே,

மகாவலி ஆறு பெருகி, திருகோணமலை மாவட்டத்து வெருகல், மூதூர் வயல்களுக்குள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. வாடைக்காற்று எழும்பினால் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வள்ளங்கள் கரையில் கிடக்கும். அந்த மாதங்களில் காசுக்காக வீட்டிலிருந்து எது வெளியே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆடு, கோழி போகட்டும். நகையை விற்காமல் வங்கியிலோ கூட்டுறவிலோ அடகு வையுங்கள், நெல் வெட்டு முடிய மீட்கலாம். கறவை மாடு, தண்ணீர்ப் பம்ப், வள்ளத்து இஞ்சின், காணி உறுதி போனால் அடுத்த போகத்து வருமானமும் கூடவே போய்விடும். முதலாளியிடம் முற்பணம் வாங்கி வலை எடுத்தவர், மீனுக்கு அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டிவரும்.

விதை நெல்லைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஏக்கருக்கு 2 புசல், ஏறத்தாழ 40 கிலோ. 3 ஏக்கர் செய்பவர் 6 புசலோடு நிறுத்தக்கூடாது. விதைத்த கையோடு வெள்ளம் நின்றால் முளை அழுகிவிடும். மறுவிதைப்புக்கு இன்னும் 3 புசல், அதுவும் 3 மாத இனமாக இருக்கட்டும். நீண்டகால நெல்லைப் பிந்தி விதைத்தால் கதிர் பாலேறும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காது. காயவைத்த மணியைப் பல்லில் கடித்தால் டக்கென்று முறிய வேண்டும். நசிந்தால் ஈரம் இருக்கிறது. மூடைக்குள் சூடேறி முளைப்பு செத்துவிடும். மூடையைப் பலகை மேல் அடுக்குங்கள், சுவரில் முட்ட விடாதீர்கள்.

வயலிலேயே ஈரநெல்லை விற்றுவிடுகிறோமே, ஏன்? கடன் தவணை வெட்டோடு வந்து நிற்கிறது. மாசி, பங்குனியில் எல்லோரும் ஒரேயடியாக விற்க, விலை விழுகிறது.

குழுவாகச் சேர்ந்து எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் இன்னும் பொல்லாதது. 50,000 ரூபாவுக்கு வருட வட்டி 24 வீதம், 52 கிழமை என்று வையுங்கள். மொத்தம் 62,000, கிழமைக்கு 1,192 ரூபா. அரை வருடத்தில் முதல் தொகையில் பாதி அடைந்துவிடும். வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 50,000க்கும் ஓடும். உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும்! வயல் காசு போகத்துக்கு ஒருக்கால்தான் வரும், தவணையோ கிழமைக்குக் கிழமை. அந்த இடைவெளியில்தான் இரண்டாவது கடன் பிறக்கிறது.

தாய்மாரே, கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும்? ஒரு கிழமை தவறினால் எவ்வளவு கூடும்? குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் அவளுடைய காசை யார் கட்டுவது? பதிலைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.