கொண்டல் காற்றில் ஒரு குடித்தனம்

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு பாய்மரப் படகில் தீவு தீவாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது, "புயல் வந்தால் என்ன செய்வீங்க?" என்பதுதான். புயலைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் எனக்கும் என் கணவருக்கும் தூக்கத்தைக் கெடுத்தது அது இல்லை. பிள்ளைகளுக்கு விளையாட ஆள் கிடைக்குமா என்பதுதான்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். கணவரின் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அதனால் கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மர்த்தினீக் தீவுக்குப் போய், லெ மரென் துறைமுகத்தில் ஒரு பழைய படகை வாங்கிக் குடியேறுவது எங்களுக்கு அவ்வளவு சிரமமாக இல்லை. 12 மீட்டர் நீளம். படுக்க இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு கழிப்பறை. வடக்கே குவாதலூப், தெற்கே கிரெனடா, இவை இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் ஓட்டம். இடையில் டொமினிக்கா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட். ஒவ்வொன்றும் தனி நாடு. போய்ச் சேர்ந்ததும் மஞ்சள் கொடி ஏற்றி, குடியேற்ற அலுவலகத்திலும் சுங்கத்திலும் காகிதம் காட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் பிள்ளைகளைக் கரையில் இறக்க முடியும்.

இந்தத் தீவுகள் வடக்கு தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. காற்று வருஷத்தில் பெரும்பாலான நாள் கிழக்கிலிருந்து அடிக்கிறது. நம் மீனவர்கள் கொண்டல் என்பார்களே, அந்தத் திசை. காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு போகலாம் என்பதால் மேலே போவதும் கீழே வருவதும் நடக்கிற காரியம். டிசம்பர், ஜனவரியில் மட்டும் காற்று வலுத்து வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது வடக்கே போகிறவர் பாடு திண்டாட்டம். தீவுக்குத் தீவு பல இடங்களில் 20, 25 கடல் மைல்தான். எங்கள் படகு மணிக்கு ஐந்தாறு மைல் போகும். மலை மறைக்கும் இடத்தில் காற்றே இருக்காது, என்ஜினைப் போட வேண்டும். மலை முடிந்து இரண்டு தீவுகளுக்கு நடுவிலுள்ள திறந்த கடலுக்கு வந்தோமோ இல்லையோ, அட்லாண்டிக் அலை முழுசாக வந்து மோதும். அந்த நேரத்தில் அடுப்பு பற்றவைக்கவே மாட்டேன். முதல் நாள் கிளறிய புளிசாதம்தான்.

சமையல் என்றதும் சொல்லிவிடுகிறேன். படகில் தண்ணீரும் மின்சாரமும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற சாமான்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளிக் குடிநீராக்கும் இயந்திரம் வைத்திருக்கிறோம். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். மின்சாரத்தைக் குடித்துவிடும். அதனால் உச்சி வெயிலில் சோலார் பலகை நன்றாக வேலை செய்யும்போது அதையும் போட்டு, அதே கையோடு மிக்ஸியில் இட்லிக்கும் அரைத்துவிடுவேன். மாவு புளிக்கிற விஷயத்தில் இந்த ஊர் வெக்கை என்னைக் கைவிட்டதே இல்லை. பாத்திரம் கழுவுவது கடல்நீரில். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

குவாதலூப்பில் கபெஸ்தெர் பக்கம் ஷான்ழி என்ற இடத்தில் வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில் இருக்கிறது. 1853-இல் மர்த்தினீக்குக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று பேச்சுத் தமிழ் இல்லை, மாரியம்மன் இருக்கிறாள். சந்தையில் 'கொலம்போ' என்ற பெயரில் மசாலாப் பொட்டலம் விற்கிறார்கள். மல்லி, மஞ்சள், கடுகு எல்லாம் உண்டு. காரம்தான் நமக்குப் போதாது.

சரி, புயல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை பருவம். படகுகளுக்குக் காப்பீடு தரும் கம்பெனிகள் பல, அந்த மாதங்களில் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. அதனால் 12 பாகையில் இருக்கும் கிரெனடாவின் தென்கரைக் குடாக்களில் படகுகள் வந்து குவியும். அங்கே புயலே வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2004-இல் ஐவன் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. 2024 ஜூலை 1-ஆம் தேதி, பருவம் தொடங்கி ஒரே மாதத்தில், நான்காம் வகைப் புயலான பெரில் பக்கத்துக் காரியக்கூ தீவில் கரையேறியது. பத்திரமான இடம் என்று அலையாத்திக் காட்டுக்குள் கட்டி வைத்த படகுகளே நொறுங்கின. எங்கள் கணக்கு எளிது: காட்டை நம்புவதில்லை, முன்னறிவிப்பைப் பார்த்துக் கிளம்பிவிடுவது. கிரெனடாவிலிருந்து டிரினிடாட் ஒரு ராத்திரி ஓட்டம்.

ஆனால் பிள்ளைகளுக்கு அந்தப் புயல் மாதங்கள்தான் திருவிழா. குழந்தைகள் உள்ள படகை அங்கே 'கிட் போட்' என்பார்கள். காலையில், படகுக்குப் படகு பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியில் ஊர்வம்பு மாதிரி ஒரு நிகழ்ச்சி நடக்கும்: வானிலை, யாரிடம் என்ன சாமான் விற்பனைக்கு, சாயங்காலம் எந்தக் கரையில் பந்தாட்டம். பிரான்ஸ் அரசின் தொலைநிலைக் கல்விப் பாடத்தை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, டிங்கி என்ற குட்டிப் படகில் ஏறிப் பறந்துவிடுவார்கள். மான்சினீல் மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்கக் கூடாது, அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதெல்லாம் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

டிசம்பர் பிறந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஒருவர் வடக்கே, ஒருவர் பனாமாவுக்கு, ஒருவர் படகை விற்றுவிட்டு ஊருக்கு. படகுப் பிள்ளைகள் புதிதாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் பேரைக் கேட்பதற்கு முன்னால், "எத்தனை நாள் இருப்பீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டே நாள் என்றால் என் மகள் டிங்கியில் ஏறவே மாட்டாள். ஒன்பது வயதில் இந்தக் கணக்கு எதற்கு என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அதனால் இப்போது தீவைப் பார்த்து வழி போடுவதை விட்டுவிட்டோம். பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று, அவர்களுக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் போகும் இடத்துக்கு நாங்கள், நாங்கள் நிற்கும் இடத்தில் அவர்கள். அவர்கள் என்ஜினுக்கு ஒரு பம்ப் வந்து சேரும்வரை பெக்கியா தீவில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். ஊர் சுற்றுகிறவர்கள் பார்வையில் அது வீண் நாட்கள். என் பிள்ளைகளைக் கேட்டால் அதுதான் அவர்கள் பார்த்ததிலேயே நல்ல ஊர்.

அந்தக் குடும்பம் இப்போது பனாமா கால்வாய் தாண்டிப் பசிபிக்குக்குப் போகலாம் என்கிறது. காலபாகோஸிலிருந்து மார்க்கேசாஸ் தீவுகளுக்கு ஏறக்குறைய 3,000 கடல் மைல், நடுவில் நிலமே கிடையாது. கணவருக்கு ஆசை. பிள்ளைகள் ஏற்கெனவே சாமான் பட்டியல் எழுதிவிட்டார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பாய் பழசு, பேட்டரி மாற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு மேல் கரை பார்க்காமல் சின்னவன் இருப்பானா என்றும் தெரியவில்லை. நவம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.