கொடுவாவுக்கு முதல் சாஃப்ட் பிளாஸ்டிக்: உடலை வாங்கும் முன் தலையைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. வழக்கமாக முட்டுக்காட்டுப் பாலத்தின் இரைச்சலோடுதான் நம் காணொளி தொடங்கும்; இன்று வீட்டு மேசையிலிருந்து பேசுகிறேன். காரணம், இதோ இந்தத் தூண்டில் பொருள் பெட்டி. 'புதியவர்களுக்கான முழுத் தொகுப்பு, 150 உருப்படிகள்' என்று விளம்பரம் செய்து இணையத்தில் 1,299 ரூபாய்க்கு விற்கிறார்கள். நம் நேயர்களில் பலர் இதை வாங்கிவிட்டு, "அண்ணா, இதில் எதைக் கட்டினால் கொடுவா அடிக்கும்?" என்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பதில் சொல்வது முறையல்ல என்பதால் நானும் ஒன்றை வரவழைத்தேன். நேற்று இரவு திறந்து பார்த்ததிலிருந்து எனக்குக் கோபம் தணியவில்லை.

இந்த 150 உருப்படிகளில் பாதிக்கு மேல் மணிகளும் வளையங்களும், தூண்டில் நரம்பு முறுக்காமல் சுழலும் சுவிவல்களும்தான். அவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். மீதியுள்ள சாஃப்ட் பிளாஸ்டிக்குகளை, அதாவது மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த போலி இரைகளை (லூர்), கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். இது ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள சுருள்வால், இது மண்புழு வடிவம், இது தவளை. நம் உப்பங்கழியில் கொடுவா மடவைக் குஞ்சையும் இறாலையும் துரத்திக்கொண்டு வருகிறது. அதற்கு முன்னால் தவளையை ஏன் போட வேண்டும்? அடுத்து, ஜிக் ஹெட்டை, அதாவது அந்தப் பிளாஸ்டிக் உடலை மாட்டும் கொக்கியோடு சேர்ந்த எடைத் தலையைப் பாருங்கள். இரண்டு கிராம் எடை, குண்டூசி கனத்தில் கம்பி. கொக்கியை மேசை விளிம்பில் மாட்டி இரண்டு விரலால் இழுக்கிறேன். வளைவு விரிந்துவிட்டது. கொடுவா ஒருமுறை தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உலுக்கினால் இந்தக் கொக்கி நிற்காது. 1,299 ரூபாய் என்பது ஒரு கல்லூரி மாணவர் மாதக்கணக்கில் சேர்த்த பணமாக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

இவையெல்லாம் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் சாஃப்ட் பிளாஸ்டிக்கின் தொடக்கம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரான் நகரம். 1949ஆம் ஆண்டு நிக் கிரீம் என்பவர் பாஸ் என்ற நன்னீர் மீனுக்காக அங்கே மென்மையான பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். நன்னீர் ஏரியில் தொடங்கிய அந்தப் புழுவும் அதற்குப் பொருத்தமான மெல்லிய கொக்கியும் இன்றும் மலிவுப் பெட்டிகளில் அப்படியே நிறைந்திருக்கின்றன. அந்த மீனுக்கு அவை நல்ல பொருட்களாகவே இருக்கலாம். ஆனால் உப்புநீரில், செவுள் மூடியில் கத்தி போன்ற விளிம்பு உள்ள கொடுவாவுக்கு முன்னால் அவற்றுக்கு வேலை இல்லை.

சரி, புதியவர் எதை வாங்க வேண்டும்? எல்லோரும் பாக்கெட்டில் மின்னும் உடலைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நான் முதலில் ஜிக் ஹெட்டை வாங்கச் சொல்கிறேன். சாஃப்ட் பிளாஸ்டிக்கின் உடல் வெறும் உடல்தான். அது எந்த ஆழத்தில் நீந்துகிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது, கடித்த மீன் கொக்கியில் நிற்கிறதா, இவை அனைத்தையும் தலைதான் தீர்மானிக்கிறது. மீன் பெரும்பாலும் லூர் இறங்கும்போதுதான் அடிக்கிறது என்பதால், இறங்கும் வேகம் தவறினால் உலகத்திலேயே சிறந்த உடலை மாட்டினாலும் பயனில்லை.

இந்த இடத்தில் ஒரு மகிழ்ச்சியான செய்தியைச் சொல்லியாக வேண்டும். சென்ற சனிக்கிழமையிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கிறேன். காசிமேட்டுத் துறைமுகத்தின் பக்கம் ஒரு பழைய வலைக்கடையில் ஈயக்குண்டு வாங்கப் போனேன். அங்கே கண்ணாடிக் குப்பியில் ஜிக் ஹெட்டுகளைப் போட்டுச் சில்லறையாக விற்கிறார்கள். ஏழு கிராம், 3/0 அளவுக் கொக்கி, கனத்த கம்பி, கழுத்தில் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ள இரண்டு முள். ஒன்று 40 ரூபாய். இதே தரத்தில் இணையத்தில் மூன்று கொண்ட பாக்கெட்டுக்கு 290 ரூபாய் கொடுத்து வந்தவன் நான். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, நரம்பு கோக்கும் துளையில் பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அடைத்திருந்தவற்றைத் தள்ளி வைத்துவிட்டு நல்லவற்றை மட்டும் எண்ணிக் கொடுத்தார். பொருள் தெரிந்தவரிடம் வாங்குவது எவ்வளவு நிம்மதி! மேசை விளிம்பில் அதே சோதனையைச் செய்கிறேன், பாருங்கள்: விரல்தான் வலிக்கிறது, கொக்கி அசையவில்லை. இதைச் சில்லறையாக வாங்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம், ஏனென்றால் புதியவருக்கு ஒரே எடையில் பத்து தேவையில்லை. ஐந்து கிராமில் இரண்டு, ஏழில் மூன்று, பத்தில் இரண்டு இருந்தால் முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரம் இரண்டையும் சமாளிக்கலாம்.

எடை விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஆஸ்திரேலியக் காணொளிகளைப் பார்த்து இருபது, முப்பது கிராம் தலைகளை வாங்காதீர்கள். அவர்கள் பாராமண்டி என்று அழைப்பதும் நம் கொடுவாவும் ஒரே மீன்தான், அதனால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. டார்வின் துறைமுகத்தில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் மாறும். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அங்கே ஓடும் நீரின் வேகமும் இங்கே ஆள் மட்டம்கூட இல்லாத கழியில் ஓடும் வேகமும் எப்படி ஒன்றாகும்? அடியைத் தொட்டதை உணர முடிகிற அளவுக்கு எடை போதும். அதற்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம். இலகுவான தலைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கொடுவா இரையைக் கடித்து இழுப்பதைவிட, வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சி எடுப்பதே அதிகம். கனம் குறைந்த லூர் அந்த உறிஞ்சலோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், ராடு, அதாவது தூண்டில் கோல். உங்கள் ராடின் அடிப்பகுதியில் எத்தனை கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கும். தலையின் எடையோடு உடலின் எடையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பத்து சென்டிமீட்டர் உடல் ஒன்றே ஏழெட்டு கிராம் இருக்கலாம் என்பதால், ஏழு கிராம் தலையோடு சேர்ந்து பதினான்கைத் தாண்டிவிடும். 7 முதல் 21 கிராம் வரை தாங்கும் ஏழடி ராடு இருந்தால் இன்று நான் சொல்வதெல்லாம் பொருந்தும். மரீனா மணலில் நின்று வீசும் பன்னிரண்டடி ராடில் இதை முயலாதீர்கள். லூர் அடியைத் தொட்டதே கைக்குத் தெரியாது.

இனி உடல். முதல் ஆறு மாதத்துக்கு இரண்டே வடிவம் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, துடுப்புவால். கடைகளில் பேடில் டெயில் என்றோ ஷேட் என்றோ கேளுங்கள். நீளம் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர். சும்மா மெதுவாகச் சுற்றினாலே வால் தானாக அடித்துக்கொள்ளும் என்பதால், கை இன்னும் பழகாதவருக்கு இதைவிட நல்ல லூர் கிடையாது. கொடுவா, பாறை, ஷீலா, காலா எல்லாமே இதை அடிக்கும். மற்றொன்று, இறால் வடிவம். கால், மீசை, கண் என்று அலங்காரம் நிறைந்தது வேண்டாம். உடல் எளிமையாக இருந்தால் போதும். பாலத் தூணுக்கும் கல்லுக்கும் அருகில் இதைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். சுருள்வால் எனக்குப் பிடிக்காது என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். அது வேலை செய்யும், ஆனால் எங்கள் தண்ணீரில் அந்த மெல்லிய வால் ஒரு மணி நேரம்கூடத் தங்குவதில்லை.

தங்காததற்குக் காரணம் பேத்தை மீன். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு ஆற்றாது. பற்கள் ஒட்டி அலகு போல அமைந்த வாய் அதற்கு. லூரின் பின்னாலேயே வந்து வாலைச் சுத்தமாக, கத்தரிக்கோலால் வெட்டியது போல, பிறை வடிவத்தில் நறுக்கிக்கொண்டு போய்விடும். இந்த உடலைப் பாருங்கள்: இங்கே ஒரு பிறை, அதற்கு மேலே இன்னொரு பிறை. ஐந்து கொண்ட பாக்கெட் 450 ரூபாய் என்றால் ஒரு வால் 90 ரூபாய். ஒரே காலையில் ஒரு பாக்கெட்டையே பேத்தைக்குக் கொடுத்துவிட்டு வருவது எவ்வளவு வேதனை என்று முட்டுக்காட்டில் நிற்பவர்களுக்குத் தெரியும். கைக்கு லேசாக, துடித்துத் துடித்து ஓர் இழுப்பு தொடர்ந்து வந்தால் அது பேத்தைதான். உடனே இருபது அடி நகர்ந்து போய்விடுங்கள். வால் போன உடலைத் தூக்கிப் போடாதீர்கள். மீதியைக் கூர்மையாகச் செதுக்கினால் தூக்கி இறக்கும் வேலைக்கு அது உதவும்.

இதனால்தான் புதியவருக்கும் பொருளின் தன்மை தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். பெரும்பாலான உடல்கள் பி.வி.சி.யை இளக்கும் எண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கி வார்த்தவை. மென்மையாக இருக்கும், அழகாக நீந்தும், எளிதில் கிழியும். இசட்மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் போன்ற எலாஸ்டோமர் வகை, ரப்பர் போல இழுபடும், மிதக்கும், பேத்தையிடம் மற்றவற்றைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதை பி.வி.சி. வகையோடு ஒரே டப்பாவில் போடக் கூடாது; இரண்டும் வினைபுரிந்து உருகிக் கூழாகிவிடும். சூப்பர் குளூவும் அதில் சரியாக ஒட்டாது. பெர்க்லியின் கல்ப் மூன்றாவது வகை. அது வாசனைச் சாற்றில் ஊறியது, கிழங்கானுக்கு அருமையானது. வெளியில் வைத்தால் காய்ந்து கல்லாகிவிடும் என்பதால் நம் வெயிலில் பாக்கெட்டை உடனுக்குடன் மூட வேண்டும்.

எந்த வகையானாலும் வாங்கும்போது பாக்கெட்டைத் தூக்கி வாலைப் பாருங்கள். உள்ளே வால் மடங்காமல் இருக்க வார்ப்படத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஓர் இணையக் கடையிலிருந்து வந்த பாக்கெட்டை உறைக்குள் இரண்டாக மடித்து அனுப்பியிருந்தார்கள். ஐந்திலும் வால் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கோணிய வால் நீந்தாது, சுழலும், நரம்பை முறுக்கும். கொதிக்கிற நீரில் சில நொடிகள் முக்கி, நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் போட்டால் பி.வி.சி. வகை சரியாகும். பணம் கொடுத்து வாங்கிய புதுப்பொருளுக்கு நாம் ஏன் அடுப்பு மூட்ட வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது மாட்டிக் காட்டுகிறேன். தலையை உடலின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் வைத்து, கொக்கியின் வளைவு எங்கே வருகிறதோ அங்கே விரல் நகத்தால் ஒரு குறி. முனையை மூக்கின் நடுவில் குத்துகிறேன். உடலைக் கொக்கியின் மேல் மெதுவாக ஏற்றிக்கொண்டே வந்து, குறி வைத்த இடத்தில், முதுகுத் தையல் கோட்டின் நடுவிலேயே வெளியே எடுக்கிறேன். கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் உடல் வளைந்து நிற்கும். தயங்காமல் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கழுத்தில் ஒரு சொட்டு பசை. அவ்வளவுதான். கொக்கி முனை உடலின் முன்பாதியில் வெளிவர வேண்டும். அதைவிடப் பின்னால் போனால் வால் அசையாது.

நிறத்தைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தால் மடவைக் குஞ்சு நிறம். வடகிழக்குப் பருவமழையில் கலங்கி வந்தால் வெள்ளை அல்லது கறுப்பு. மீதி நிறங்களை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.

லீடர், அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: 30 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பு, ஒரு மீட்டர். செவுளின் விளிம்பு பட்டால் பிரெய்டு என்ற பின்னல் நரம்பு உடனே அறுந்துவிடும். பிடித்தது பெரிய கொடுவா என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்த மீன் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பிறகு பெண்ணாக மாறுகிறது. பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997ஆம் ஆண்டிலேயே கொடுவாவைக் குஞ்சுபொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டிவிட்டது. அதன் சோதனை நிலையம் இருப்பதும் நாம் நிற்கும் அதே முட்டுக்காட்டில்தான். சாப்பிட ஆசைப்பட்டால் வளர்ப்புக் கொடுவா சந்தையில் கிடைக்கிறது.

கடைசியாக, கிழிந்த துண்டுகளை நம் சட்டைப்பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பி.வி.சி. மட்குவதில்லை, மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கும். அடுத்த காணொளியில் எலாஸ்டோமர் உடலையும் சாதாரண உடலையும் ஒரே ஏழு கிராம் தலையில் மாட்டி, பேத்தை நிறைந்த அந்த மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றி வீசிக் காட்டுகிறேன். அந்த 1,299 ரூபாய்ப் பெட்டியை இன்னும் திறக்காதவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இன்றே அனுப்பிவிடுங்கள்.