களிமண் காத்திருக்கும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தைகளை வளர்த்துக்கொண்டே வீட்டில் களிமண் சிற்பத் தொழில் நடத்துவது பலமா, பாரமா? இதுதான் தலைப்பு. பலம் என்று பேச வந்திருக்கிறேன். 11 வருடமாக இந்தத் தொழிலை வீட்டிலிருந்துதான் செய்கிறேன். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 6.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றம் சொன்னார். குழந்தை இருக்கும் வீட்டில் அரை மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் கிடைக்காது, எனவே சிற்பம் உருப்படாது என்றார். மண்தூசியும் சூளையும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றார். கடைசியாக, வீட்டிலிருந்து செய்யும் பெண் நல்ல தாயாகவும் இருக்க முடியாது, நல்ல சிற்பியாகவும் இருக்க முடியாது என்றார். அந்த மூன்றாவது எனக்கு வலித்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நேரம். நடுவர் அவர்களே, ஒரு முகச்சிலை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். இன்று மண்ணைப் பிசைந்து உருவத்தை எழுப்புகிறோம். அது உடனே கண், மூக்கு செதுக்க விடாது. பதம் வர வேண்டும். ஓரளவு இறுகியதும் அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் மண்ணைக் குடைந்து எடுத்து, சுவர் 2 செ.மீ. அளவுக்கு வந்ததும் விளிம்புகளைக் கீறி, களிமண் குழம்பு தடவி மறுபடி ஒட்டுகிறோம். அப்புறம் நுணுக்க வேலை. பிறகு மெதுவாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் காது ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து, தலை ஒரு பக்கம் ஈரமாக நின்று, இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும். தடிமனான சிலை காய இரண்டு வாரம் ஆகும், சில நேரம் அதற்கும் மேல்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்பதுதான். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது 40 நிமிடம் தூங்குவான். அந்த 40 நிமிடத்தில் ஒரு காதைச் செய்து முடிப்பேன். அவன் அழுதால் சிலைமேல் ஈரத்துணியைப் போட்டு, பிளாஸ்டிக் கவரை இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விடுவேன். நாளைக்கு வந்தாலும் அதே பதத்தில் இருக்கும். நாலு நாள் கழித்து வந்தாலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடரலாம். பாதியில் விட்டால் கெட்டுப்போகும் தொழில்கள் எத்தனையோ உண்டு. களிமண் நமக்காகக் காத்திருக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் பட்டறைப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். அந்த வேலை கெடவில்லை.

அடுத்தது ஆபத்து. இதில் எதிரணித் தலைவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைத் தழும்பாக்கும். அதனால் எங்கள் பட்டறை அறையில் துடைப்பம் கிடையாது. ஈரத்துணியாலும் ஸ்பாஞ்சாலும்தான் துடைப்போம். காய்ந்த சிலையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்லை, ஈர ஸ்பாஞ்சால் வழவழப்பாக்குகிறேன். வேலை உடையை அந்த அறையிலேயே கழற்றிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்குவேன். சிலைமேல் பூசிச் சுடும் மெருகில் ஈயம் கலந்தது எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. மின்சூளை வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டகையில், பூட்டுக்குள், சுவரிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக இருக்கிறது. முதல் சூட்டுக்கு 1000 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். காலையில் ஏற்றினால் இரவு வரை நானோ என் கணவரோ யாராவது ஒருவர் வீட்டிலேயே இருப்போம், நன்றாக ஆறிய பிறகு மறுநாள்தான் திறப்போம்.

சூளை வாங்க முடியாதவர்கள் பாலிமர் களிமண்ணில் தொடங்கலாம். அது உண்மையில் மண்ணே இல்லை, ஒருவகை பிளாஸ்டிக். உறையில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரிக்குள், சிறிய மின் அடுப்பில் இறுகிவிடும். அதற்கு மேல் கருகவிட்டால் மூச்சை எரிக்கும் புகை வரும். சமையல் அடுப்பு வேறு, அது வேறு என்று வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை கவனம் வேண்டுமா என்றால், ஆமாம், வேண்டும். இதே கவனம் தனிப் பட்டறையிலும் வேண்டும். அங்கே பிள்ளைகள் இல்லை என்பதால் நாம் சோம்பிப்போவோம். ஈரத்துணியை நான் ஒழுங்காகப் பிடித்ததே பிள்ளைகளுக்காகத்தான். என் நுரையீரலும் அதனால்தான் பிழைத்தது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மகனுக்கு நாலு வயது இருக்கும்போது, சூளைக்குப் போகக் காத்திருந்த சிலை ஒன்றைத் தாழ்வான அலமாரியிலிருந்து இழுத்துத் தள்ளிவிட்டான். ஒரு வாடிக்கையாளர் தன் மறைந்த தந்தையின் முகத்தைச் செய்யச் சொல்லியிருந்தார். பத்துத் துண்டாகப் போனது. எனக்குக் கை நடுங்கியது. அவன் என் முகத்தைப் பார்த்து அழவே பயந்து நின்றான்.

துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டோம், இருவரும் சேர்ந்து. முழுக்கக் காய்ந்த மண் தண்ணீருக்குள் போனதும் குமிழி விட்டு, தானாகவே சரிந்து கரையும். பாதி ஈரமாக இருந்தால்கூட அவ்வளவு வேகமாகக் கரையாது. சூளையில் சுமார் 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் மண் திரும்ப மண்ணாகாது, அதற்கு முன்னால் எத்தனை முறை உடைந்தாலும் மறுபடி பிசையலாம். அன்றைக்கு அவன் வாளி ஓரத்தில் உட்கார்ந்து, "மூக்கு கரையுதும்மா" என்று பார்த்துக்கொண்டே இருந்தான். வாடிக்கையாளரை அழைத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன், கூடுதல் அவகாசம் கேட்டேன். கொடுத்தார். இரண்டாவதாகச் செய்த முகம் முதலாவதைவிட நன்றாக வந்தது. அன்றிலிருந்து அலமாரி உயரத்தில், சுவரோடு திருகி வைத்திருக்கிறது. எந்த ஆர்டருக்கும் எனக்குத் தேவைப்படும் நாளைப் போல இரண்டு மடங்கு நாள்தான் சொல்கிறேன், முன்பணம் வாங்கிய பிறகுதான் மண்ணைத் தொடுகிறேன்.

அந்தப் பையன்தான் இப்போது 12 வயதில் என் கணக்கைத் திருத்துகிறான். நான் வாங்கும் மண் காய்ந்து சுடும்போது பத்து சதவீதம் சுருங்கும். 30 செ.மீ. சிலை கேட்டால் பத்து சதவீதம் கூட்டி 33 செ.மீ.க்குச் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவன் சொன்னான்: "அம்மா, 33-ல் பத்து சதவீதம் போனால் 29.7தானே வரும்? 30-ஐ 0.9-ஆல் வகுக்கணும்." வகுத்தால் 33.3 வருகிறது. இத்தனை வருடம் என் சிலைகள் எல்லாம் ஒரு துளி குட்டையாகப் போயிருக்கின்றன! தனிப் பட்டறையில் இருந்திருந்தால் எனக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

சரி, அந்த மூன்றாவது குற்றச்சாட்டு. நல்ல தாயும் இல்லை, நல்ல சிற்பியும் இல்லை. எதிரணித் தலைவர் இதைச் சொன்னபோது இந்த அவையில் பல பெண்கள் தலையசைத்ததைப் பார்த்தேன். அவர்கள் களைப்பு எனக்குத் தெரியும். சமையல், பள்ளி, துணி, மாமியார் மருந்து எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுந்து, அதற்கும் மேல் ஆர்டரும் இருந்தால், அது நிச்சயம் பாரம்தான். ஆனால் அந்தப் பாரம் மண்ணால் வந்ததா? வேலையைப் பகிராத வீட்டால் வந்தது. அதே பெண் வெளியே வேலைக்குப் போனாலும் அதே பாரத்தைத் திரும்பி வந்து சுமப்பாள். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று மாலை பிள்ளைகள் முழுக்க அப்பாவின் பொறுப்பு. நான் அடுத்த அறையில்தான் இருப்பேன், கதவு சாத்தியிருக்கும். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற சொல்லை அவர் நிறுத்தவே இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் நிறையப் பேசினோம், சண்டையும் போட்டோம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சிற்பிகள் சிலையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஈரம் மிச்சம் இருந்தால் அது ஆவியாகும்போது சூட்டை இழுக்கும், கன்னத்துக்குக் குளிரும். அந்த ஈரத்தோடு சூளையில் வைத்து வேகமாகச் சூடேற்றினால், 100 டிகிரியில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிச் சிலையை வெடிக்க வைத்துவிடும். இதை என் மகளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பழகிக்கொண்டாள். இன்று காலை நான் கிளம்பும் அவசரத்தில் சூளையை ஏற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சிலையின் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் குளிருதும்மா, இன்னிக்கு வேண்டாம்" என்றாள்.

நானும் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தது. சூளையை ஏற்றாமல் இங்கே வந்துவிட்டேன்.

நடுவர் அவர்களே, பலம் என்றே தீர்ப்பு தாருங்கள். நன்றி, வணக்கம்.