ஏணிக்கு மேலே இருப்பவர்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, வணக்கம்.

மும்பைத் தமிழர்களாகிய நாம் பொங்கல் விழா மேடையில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரிசியும் வேட்டி சேலையும் வழங்குகிறோம். அந்த நல்ல மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேடைவரை வர முடிந்தவருக்குத்தான் அது கிடைக்கிறது. வீட்டைவிட்டு இறங்கவே முடியாத, ஊரும் உறவும் தொலைவில் இருக்கிற ஏழை ஒருவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக ஒருவர் பின் ஒருவராக வந்து தாராவியில் குடியேறியவர்கள் நம் முன்னோர். அப்படி அழைத்து வரவும் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லாமல் வந்தவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவரை நான் அறிவேன். தோல் பை தைக்கும் பட்டறையில் உழைத்தவர். சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர். வாடகை குறைவு என்பதால் மேல்தளத்தில் ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், இருக்கிறார். சந்தின் ஓரமாக நிற்கும் இரும்பு ஏணிதான் அதற்கு வழி. பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிறு. அவர் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, ஏணியைப் பார்த்தபடி திரும்பி நின்று, கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலால் படிபடியாக இறங்குகிறார். மழைக்காலத்தில் அதுவும் முடிவதில்லை.

இவருக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்றவருக்குச் சில தனிச் சலுகைகளை அளிக்கிறது. மத்திய அரசின் உதவித்தொகைக்கோ 80 விழுக்காடு பாதிப்பு வேண்டும். அதிலும் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்தான். ஆதரவற்றோருக்கு மகாராஷ்டிர அரசு உதவித்தொகை தரும் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் சேர இந்த மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தமே எழுதித் தராத கோலியில், மின்கட்டண ரசீதும் உரிமையாளர் பெயரில் இருக்கும்போது, அந்தச் சான்றுக்கு அவர் எங்கே போவார்? ஊரில் எடுத்த ரேஷன் அட்டைக்கு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டப்படி இங்கேயே தானியம் வாங்கலாம். ஆனால் கடைக்குப் போய் இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். தனியாள் அட்டை என்றால் பெரும்பாலும் அவரேதான் ஏணி இறங்க வேண்டும்.

ஓர் அலுவலகத்தில், இந்தக் காகிதம் போதாது என்று மராத்தியில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எந்தக் காகிதம் போதும் என்பது அவருக்குப் புரியவில்லை. கேட்டுச் சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை. அதன்பின் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆகவே, அரிசி மூட்டைக்கு முன்னால் அவருக்குத் தேவைப்படுவது கூட வரும் ஓர் ஆள் என்பதே என் உறுதியான கருத்து. மராத்தி படித்த நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது இயலாத காரியமா? ஒரே பிள்ளை தொடர்ந்து போக வேண்டும். வாரம் ஒருவராக மாறினால், அவர் தம் கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே சலித்துப்போவார். அவருக்கு எது முதலில் வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டும். கொடுப்பதைப் படம் எடுக்கக் கூடாது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு கிடைக்கும். மேல்தளத்தாருக்கு வெளியில்தான் இடம். தட்டில் சோறு கொண்டுவந்து கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்காவையும் கடனுக்குத் தேநீர் தரும் கடைக்காரரையும் விட்டு அவர் போக நேர்ந்தால், இப்போதிருக்கும் இந்தச் சிறு துணையும் அற்றுப்போகும்.

எனவே சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இவ்வாண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, இப்படிப்பட்டவர்களுக்குத் தரைத்தளக் கோலி பிடித்துக் கொடுங்கள். ஒப்பந்தத்தை அவர்கள் பெயரிலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள். வாடகையில் கூடுதலாகும் தொகையைச் சங்கமே ஏற்கட்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் வழிமொழிய நான் வருகிறேன்.